மலையில எந்தப் பனை நிக்கும்?

இந்த இதழ்ல வழக்கமான சர்க்யூட், கோடிங் எல்லாம் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு, வீட்டுத் தோட்டத்துக்குள்ள போகப் போறோம். பயப்படாதீங்க, தெர்மோடைனமிக்ஸும் கூடவே வரும்.

வேலூர்ல இருந்து கணியம்பாடி வழியா சுமார் 25 கிலோமீட்டர் போனா அமிர்தி. பெரும்பாலானவங்களுக்கு அமிர்தின்னா விலங்கியல் பூங்காவும் அருவியும்தான். ஆனா அது ஜவ்வாது மலையோட வாசற்படி. அங்க இருந்து மேல ஏற ஏற, கூட வந்த தென்னையும் பனையும் ஒவ்வொண்ணா பின்தங்கிடும். பலா, புளி, சாமைக் காடு எல்லாம் வரும். நடுவுல புல் சரிவுகள்ல இடுப்பளவு உயரத்துல முள்ளோட ஈச்சம் புதர் தெரியும்.

நம்ம காலேஜ்ல மலை ஊர்கள்ல இருந்து வந்து படிக்கிறவங்க இருக்காங்க. ஜவ்வாது, ஏற்காடு, கொடைக்கானல், நீலகிரி. அவங்க வீடுகள்ல அடிக்கடி நடக்கிற விஷயம் இது: சமவெளிச் சந்தையில ஆசையா ரெண்டு தென்னங்கன்னு வாங்கிட்டுப் போய் வாசல்ல நடுவாங்க. அது சாகாது. ஆனா ஒழுங்கா காய்க்கவும் காய்க்காது. பத்து வருஷம் தண்ணி ஊத்தின பிறகுதான் "இது சரிப்படாது போல"ன்னு புரியும். இன்னொரு பக்கம், "மைனஸ் 15 டிகிரி தாங்கும்"னு நர்சரியில சொன்னாங்கன்னு காசைக் கொட்டி வெளிநாட்டுப் பனை வாங்குறவங்களும் இருக்காங்க. ரெண்டு பேரும் விட்டது ஒரே கேள்வியைத்தான்: என் வாசல்ல குளிர் எப்படி வருது?

பனை வகை மரங்கள் வெறும் ஒரு எண்ணுக்கு பயப்படுறதில்லை. எவ்வளவு குளிர், எவ்வளவு நேரம், எவ்வளவு ஈரத்தோட. இந்த மூணும் சேர்ந்துதான் மரத்தோட தலையெழுத்தைத் தீர்மானிக்குது. இதைப் புரிஞ்சிக்கிட்டா எதை நடணும்ங்கிறது தானா தெரிஞ்சிடும்.

உயரம் ஏறினா என்ன ஆகுது?

சராசரியா ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் காத்தோட வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். வேலூர் நகரம் கடல் மட்டத்துல இருந்து 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. ஜவ்வாது மலையில இருக்கிற காவலூர் சுமார் 725 மீட்டர். வித்தியாசம் 500 மீட்டர்னு வச்சா, மூணு டிகிரிக்கு மேல குறையும். "அவ்வளவுதானா?"ன்னு கேக்கலாம். நமக்கு அது ஒரு ஸ்வெட்டர் விஷயம். தென்னைக்கு அது வேற விஷயம்.

தென்னைக்குப் பிடிச்ச சராசரி வெப்பநிலை 27 டிகிரிக்குப் பக்கத்துல. நம்ம பகுதியில அதை கடல் மட்டத்துல இருந்து 600 மீட்டர் உயரம் வரைக்கும் நடலாம்னுதான் வேளாண் பரிந்துரை. பாக்கு மரம் இன்னும் கொஞ்சம் மேல, 1000 மீட்டர் வரை போகும். அதுக்கு மேல மரம் உயிரோட இருக்கலாம், ஆனா ஓலை விடுற வேகம் குறையும். தென்னையில ஒவ்வொரு ஓலைக் கக்கத்துலதான் ஒரு பாளை வரும். ஓலை குறைஞ்சா பாளை குறையும், பாளை குறைஞ்சா காய் குறையும். உறைபனி எதுவும் வேண்டாம், வெறும் மிதமான குளிரே போதும், வருஷக் கணக்குல விளைச்சலைத் தின்னுடும்.

ஒரே ஒரு குருத்து

மாமரத்துல ஒரு கிளை கருகினா பக்கத்துல இன்னொண்ணு துளிர்க்கும். பனைக் குடும்பத்துல அந்த வசதி இல்லை. ஒற்றைத் தண்டுப் பனைகளுக்கு வளரும் முனை ஒண்ணே ஒண்ணுதான், உச்சியில இருக்கிற குருத்து. அது போச்சுன்னா மரம் போச்சு. நம்ம பாஷையில சொன்னா, பேக்கப் இல்லாத சர்வர்.

இன்னொரு குறையும் உண்டு. மாமரம் மாதிரி மரங்கள்ல பட்டைக்கு அடியில ஒரு வளரும் அடுக்கு இருக்கும், காயம் பட்டா மூடிக்கும். பனை ஒருவித்திலைத் தாவரம், புல்லோட தூரத்துச் சொந்தம். அதுக்கு அந்த அடுக்கு கிடையாது. தண்டுல பட்ட காயம் கடைசி வரைக்கும் அப்படியே நிக்கும்.

ஆனா குருத்துக்கு ஒரு பாதுகாப்பு இருக்கு. சுத்திலும் மட்டைகள், பன்னாடை, இன்னும் விரியாத ஓலைகள்னு பல அடுக்கு போர்வை. (ஹாஸ்டல்ல ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிற அதே பன்னாடைதான். கள்ளு வடிகட்டப் பயன்பட்ட நல்ல பொருள் அது, பாவம்.) அதனால ஒரே ஒரு ராத்திரி குளிர் அடிச்சா வெளி ஓலைகள் கருகும், உள்ள இருக்கிற குருத்து தப்பிச்சிடும். அதே குளிர் நாலு நாள் விடாம நின்னா, குளிர் மெதுவா உள்ள கடத்தப்பட்டு குருத்தையும் தொட்டுடும். "எவ்வளவு நேரம்" முக்கியம்னு சொன்னது இதனாலதான். சின்னக் கன்னுக்குப் போர்வையும் மெலிசு. ஒரே வகையில பெரிய மரம் தாங்குறதை கன்னு தாங்காது.

கொத்தா வளர்ற பனைகளுக்கு இங்க ஒரு சாதகம் இருக்கு. அடியில இருந்து பல தண்டு வருறதால ஒரு குருத்து போனாலும் இன்னொண்ணு எழும்பும்.

குளிர் மூணு விதமா அடிக்கும்

முதல் விதம், உறைநிலைக்கு மேலயே வர்ற பாதிப்பு. வெப்பமண்டலப் பனைகளோட செல் சவ்வுகள் சூட்டுக்கு ஏத்த மாதிரி அமைஞ்சவை. குளிர்ல அதுல இருக்கிற கொழுப்பு இறுகும். நெய் உறையிற மாதிரின்னு வச்சுக்கோங்க. சவ்வு ஒழுங்கா வேலை செய்யாது, வேர் தண்ணி இழுக்கிறது குறையும். தென்னைக்கு நடக்கிறது இதுதான்.

ரெண்டாவது, உறைதல். இலைக்குள்ள பனிக்கட்டி உருவானா பனை ஓலைத் திசு பெரும்பாலும் பிழைக்காது. குளிர் தாங்கும் வகைகள் செய்யிறது என்னன்னா, அந்தப் பனிக்கட்டி உருவாகிறதையே தள்ளிப் போடுறது. செல் சாற்றுல சர்க்கரை போன்ற கரைபொருள்கள் கூடும்போது உறைநிலை இறங்கும். சில நேரம் தண்ணி பூஜ்ஜியத்துக்குக் கீழ போயும் உறையாமலே திரவமா நிக்கும். ஆனா இந்தத் தயாரிப்புக்கு நேரம் வேணும். வாரக்கணக்குல மெல்ல மெல்ல குளிர்ந்தா மரம் பழகிக்கும். நேத்து வரைக்கும் சூடா இருந்துட்டு இன்னைக்கு திடீர்னு இறங்கினா, நல்ல வகையே அடி வாங்கும்.

மூணாவதுதான் நம்ம ஊருக்கு நிஜமான வில்லன்: அழுகல். குளிர்ல சோர்ந்துபோன குருத்துல தண்ணி தங்கினா பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ள புகுந்துடும். நடுக்குருத்தைப் பிடிச்சு லேசா இழுத்தா கையோட வந்துடும், நாத்தம் அடிக்கும். தென்னை வச்சிருக்கிறவங்களுக்கு குருத்தழுகல் புதுசு இல்லை. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில கொட்டித் தீர்த்துட்டுப் போன கையோட மார்கழிக் குளிர் வருது. அதாவது நம்ம மலைகள்ல குளிர்காலம் நனைஞ்ச மண்ணோட ஆரம்பிக்குது. வறண்ட குளிர்ல தாக்குப் பிடிக்கிற மரம்கூட இந்த ஈரக் குளிர்ல அழுகிடலாம்.

காவலூர் வானமும் உங்க வாசலும்

இப்போ ஒரு சுவாரஸ்யமான இடத்துக்கு வருவோம். ஜவ்வாது மலையில காவலூர்லதான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்துற இடம். அங்க இருக்கிற 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986ல செயல்பாட்டுக்கு வந்தது. வானியலாளர்களுக்கு வேண்டியது மேகம் இல்லாத, இருட்டான ராத்திரி. அந்த அழகான தெளிந்த வானம்தான் செடிகளுக்கு எதிரி.

எந்தப் பொருளும் தன்னோட வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏத்தபடி வெப்பத்தைக் கதிர்வீசும். ஸ்டீஃபன்–போல்ட்ஸ்மன் விதி, ஃபர்ஸ்ட் இயர்லயே படிச்சது. 5 டிகிரியில இருக்கிற ஓலை ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 339 வாட் மேல்நோக்கி வீசும். தெளிந்த வானம் திருப்பித் தர்றது குறைவு. வானத்தோட பயனுறு வெப்பநிலையை உதாரணத்துக்கு மைனஸ் 15ன்னு எடுத்துக்கிட்டா, வர்றது சுமார் 251 வாட். நிகர நஷ்டம் சதுர மீட்டருக்கு 88 வாட்! காத்து அசையாத ராத்திரியில இந்த நஷ்டத்தை ஈடுகட்ட ஆள் இல்லை. அதனால ஓலை, தன்னைச் சுத்தி இருக்கிற காத்தைவிட சில டிகிரி அதிகமா குளிர்ந்துடும். செய்தியில "குறைந்தபட்சம் 3 டிகிரி"ன்னு வரும்போதும் ஊட்டியில புல் மேல வெள்ளையா உறைபனி படியிறது இப்படித்தான். வானிலை நிலையத்துத் தெர்மாமீட்டர் தரையில இருந்து ஒரு மீட்டருக்கும் மேல, பெட்டிக்குள்ள நிழல்ல இருக்கு. உங்க செடி தரையோரத்துல, திறந்த வானத்துக்குக் கீழ இருக்கு.

மேகம் மூடின ராத்திரியில இந்த நஷ்டம் ரொம்பக் குறையும். ஒரு பலா மரத்தோட அடியிலயும் அப்படித்தான். மைனஸ் 15 டிகிரி வானத்துக்குப் பதிலா 5 டிகிரி பலா இலையை "பாக்குது" உங்க பனங்கன்னு. செலவே இல்லாத போர்வை. பெரும்பாலான பனங்கன்னுகள் இளமையில கொஞ்சம் நிழலை விரும்பும், அதனால இது ரெட்டை லாபம்.

குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி ஓடும்

குளிர்ந்த காத்து கனமானது. ராத்திரி சரிவுல மெல்ல வழிஞ்சு பள்ளத்துல போய் தேங்கும். நீலகிரியில உறைபனின்னு சொன்னாலே தலைக்குந்தா பேரு வர்றதுக்கு அது தாழ்வான வெளியா இருக்கிறதும் ஒரு காரணம். மேல இருக்கிற சரிவுல செடி பச்சையா இருக்கும், கீழ பள்ளத்துல கருகிக் கிடக்கும்.

உங்க வாசல்லயும் இதே கதைதான். சரிவுக்கு குறுக்க முழுசா மூடின காம்பவுண்ட் சுவர் கட்டினா, அதுக்கு மேல்பக்கம் குளிர் காத்து அணை கட்டின தண்ணி மாதிரி தேங்கும். வீட்டோட தெற்கு அல்லது மேற்குச் சுவரோரம் ராத்திரி கதகதப்பா இருக்கும், ஏன்னா பகல்ல வெயிலை வாங்கி வச்ச கல்லு ராத்திரி திருப்பித் தரும். ஒரே தோட்டத்துக்குள்ள ரெண்டு மூணு டிகிரி வித்தியாசம் சர்வசாதாரணம். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், இல்லைன்னா லேப்ல சும்மா கிடக்கிற சென்சார் ஒண்ணு ஆர்டுயினோவோட போதும். மார்கழி, தை ரெண்டு மாசம் தோட்டத்துல நாலு இடத்துல அளந்து பாருங்க. செடி வாங்குறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். நல்ல மினி ப்ராஜெக்ட்டும்கூட.

"மைனஸ் 15 தாங்கும்"னா என்ன அர்த்தம்?

உலகத்துல குளிர் தாங்கும் பனைன்னாலே முதல்ல வர்ற பேரு டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சுனி, சீன விசிறிப்பனை. தண்டு முழுக்க பன்னாடை மாதிரி நார் போர்த்திக்கிட்டு இருக்கும். ஃபார்ச்சுன்ங்கிறது ராபர்ட் ஃபார்ச்சூன். சீனாவுல இருந்து தேயிலைச் செடிகளையும் தயாரிப்பு ரகசியத்தையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்த அதே ஸ்காட்லாந்துக்காரர். நல்லா வேரூன்றின மரம் மைனஸ் 15 டிகிரி வரைக்கும் தாங்கும்னு சொல்றாங்க. இங்கிலாந்து வீட்டு வாசல்கள்ல சாதாரணமா நிக்குது.

அப்போ அதை வாங்கி ஆரணியில நட்டா? அங்கதான் சிக்கல். குளிர் தாங்குற திறமை இலவசமா வர்றதில்லை. இந்த மரத்துக்கு குளிர்ச்சியான ராத்திரிகள் வேணும். சமவெளியோட சித்திரை வெயில்ல அது தவிக்கும். மைனஸ் 15ங்கிற எண் உங்க ஊர்ல எப்பவுமே தேவைப்படாத ஒரு தகுதி. தேவையே இல்லாத ஸ்பெசிஃபிகேஷனுக்கு காசு கொடுத்து, தேவையானதை விட்டுட்டு வர்ற மாதிரி.

இன்னொரு எச்சரிக்கையும் இந்த மரத்தோடவே வருது. தெற்கு சுவிட்சர்லாந்தின் டிசினோ பகுதியில இது தோட்டங்கள்ல இருந்து பறவைகள் மூலமா காட்டுக்குள்ள பரவி, உள்ளூர் செடிகளோட இடத்தைப் பிடிச்சிடுச்சு. 2024 செப்டம்பர்ல இருந்து அந்த நாட்டுல இதோட விற்பனைக்கே தடை. ஒரு செடி ஒரு இடத்துல "ரொம்ப நல்லா" வளர்றதும் பிரச்சினைதான். நீலகிரியில சீகை மரமும் உண்ணிச்செடியும் என்ன பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியும்.

இதே குடும்பத்துல இந்தியப் பங்காளி ஒருத்தரும் உண்டு. உத்தராகண்டின் குமாவுன் மலையில, பித்தோராகர் பக்கம், 2000 மீட்டர் உயரத்துல பனிப்பொழிவுக்கு நடுவுல வளர்ற டிராக்கிகார்பஸ் டாகில். பனைன்னா கடற்கரைன்னு நினைக்கிற நமக்கு, பனி விழுற இமயமலைச் சரிவுலயும் ஒரு பனை நிக்குதுங்கிறதே ஆச்சரியம்தான். அமெரிக்காவோட தென்கிழக்குப் பகுதியில வளர்ற ஊசிப்பனை மைனஸ் 20 வரைக்கும் தாங்கும். குளிர் தாங்குற பந்தயத்துல அதுக்குத்தான் முதலிடம். அதுவும் தண்டே தெரியாம குட்டையா, தரையோட ஒட்டி, கொத்தா வளர்ற மரம். குருத்து தரைச் சூட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு. மேல சொன்ன இயற்பியல் எல்லாம் அங்க உடம்பா நிக்குது.

பிழைக்கிறது வேற, காய்க்கிறது வேற

பேரீச்சையைப் பாருங்க. மரம் சில டிகிரி உறைபனியைத் தாங்கிடும். ஆனா பழம் பழுக்கணும்னா நீண்ட, வறண்ட கோடை வேணும். பழுக்கிற நேரத்துல மழை வந்தா பழம் வெடிச்சுக் கெட்டுடும். தருமபுரி மாவட்டத்துல திசு வளர்ப்புக் கன்னுகளை வச்சு பேரீச்சை சாகுபடி செய்றாங்க. அங்க பர்ஹி ரகம் எடுபடுறதுக்கு ஒரு காரணம், அதை முழுசா பழுக்கிறதுக்கு முன்னாடியே, மஞ்சளா மொறுமொறுன்னு இருக்கும்போதே சாப்பிடலாம். மழைக்கு முன்னாடி அறுத்துடலாம். மலை உச்சியில நட்டா மரம் அழகா நிக்கும், பழம் வராது. அதனால முதல்ல முடிவு பண்ணுங்க: எனக்கு வேண்டியது நிழலா, அழகா, பழமா?

சரி, யார் எதை நடலாம்?

ஜவ்வாது மலை, ஏலகிரி மாதிரி இடங்கள்: இங்க பிரச்சினை உறைபனி இல்லை, நீண்ட மிதக்குளிரும் ஈரமும்தான். முதல் தேர்வு நம்ம ஈச்சைதான். மலைச் சரிவுகள்ல குட்டையா வளர்ற மலை ஈச்சை, ஃபீனிக்ஸ் லூரெய்ரோய். தென்னிந்திய மலைகள்ல இருந்து இமயமலை அடிவாரம், தென் சீனா, தைவான் வரைக்கும் பரவியிருக்கு. காட்டுத்தீ போனாலும் மறுபடி துளிர்க்கிற மரம். அதோட ஓலையில துடைப்பம் கட்டுவாங்க. பெரிய மரமா வேணும்னா ஈச்ச மரம், ஃபீனிக்ஸ் சில்வெஸ்ட்ரிஸ். வங்காளத்துல குளிர்காலத்துலதான் இதுல பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுறாங்க. அதாவது குளிர்காலமே இதுக்கு சீசன். ரெண்டுலயும் ஆண், பெண் மரம் தனித்தனி. பழம் வேணும்னா ஒண்ணுக்கு மேல நடணும்.

அடுத்தது கூந்தல் பனை. ஓலை மீன் வால் மாதிரி இருக்கும், பூங்கொத்து சடை பின்னித் தொங்கவிட்ட மாதிரி தொங்கும். மலைக்காட்டு ஈரத்துக்குப் பழகினது. இலங்கையில இதோட பதநீர்லதான் கித்துள் பாணி தயாரிக்கிறாங்க. ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒண்ணு, உச்சியில இருந்து கீழ்நோக்கிப் பூத்து முடிச்சதும் மரம் செத்துடும், அதுதான் அதோட இயல்பு. ரெண்டு, பழத்தோட சதை பட்டா தோல் பயங்கரமா அரிக்கும். குழந்தைகள் விளையாடுற இடத்துல வேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயர்ந்த இடங்கள்: சீன விசிறிப்பனைக்கு இங்கதான் பொருத்தமான வானிலை, ஆனா விதை காட்டுக்குள்ள போகாம காய்க்குலையை வெட்டிடணும். கேனரி ஈச்சையும் சரிவரும், ஆனா அது யானை சைஸுக்கு வளரும். மூணு சென்ட் வாசலுக்கு ஆகாது. தொட்டியில வைக்கணும்னா, நர்சரிகள்ல சுலபமா கிடைக்கிற ராபிஸ் பனை நிழலையும் குளிரையும் தாங்கும், கொத்தா வளரும்.

வெளிநாட்டுல, பனி கொட்டுற ஊர்ல இருக்கிற சீனியர்களுக்கு: ஊசிப்பனையும் டிராக்கிகார்பஸும்தான். ஆனா உங்க ஊர்ல அதை நட அனுமதி இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. அமிர்தி பக்கம் டூர் போகும்போது "அழகா இருக்கே"ன்னு காப்புக்காட்டுல இருந்து கன்னு பிடுங்காதீங்க. அது சட்டப்படி குற்றம். அதோட, பிடுங்கின ஈச்சங்கன்னு பெரும்பாலும் பிழைக்கவும் பிழைக்காது. ஏன்னு அடுத்து வருது.

நடுற முறை

பனங்கிழங்கு தின்னவங்களுக்கு இது சுலபமா புரியும். பனங்கொட்டையில இருந்து முளை நேரா மேல வராது. ஒரு குழாய் மாதிரி கீழ இறங்கி, மண்ணுக்குள்ள ஆழமா போய், அங்க இருந்துதான் செடி கிளம்பும். ஈச்சையும் இதே ஜாதிதான். அதனால ஆழமில்லாத தொட்டியில போட்டா வேர் மடங்கிடும். காட்டுல பிடுங்கும்போதும் அந்த ஆழமான வேரைத்தான் அறுத்துடுறோம்.

நல்லா பழுத்த பழத்தோட சதையை எடுத்துட்டு, கொட்டையை ரெண்டு நாள் தண்ணியில ஊறவச்சு, உயரமான பையில மணல் கலந்த மண்ணுல ஒரு அங்குல ஆழத்துல ஊன்றுங்க. முளைக்க ஒண்ணு ரெண்டு மாசம், சில சமயம் அதுக்கு மேலயும் ஆகும். முளைக்கலைன்னு தோண்டிப் பாக்காதீங்க.

நிலத்துல நடுறதுக்கு ஆடி, ஆவணி நல்லது. மார்கழிக்குள்ள வேர் பிடிச்சிடும். நட்ட இடம் சுத்தியுள்ள தரையைவிட அரை அடி மேடா இருக்கட்டும், தண்ணி நிக்கவே கூடாது. களிமண்ணா இருந்தா சரளை, மணல் கலங்க. கன்னு பையில எந்த ஆழத்துல இருந்துச்சோ அதே ஆழத்துல நடுங்க. கழுத்து வரைக்கும் மண்ணைப் போட்டு மூடினா குருத்து அழுகும்.

உரத்துல ஒரு நுணுக்கம் இருக்கு. தழைச்சத்து கொடுத்தா இளசா, தண்ணிச்சத்தோட ஓலை வரும், குளிர் முதல்ல அதைத்தான் அடிக்கும். அதனால புரட்டாசிக்குப் பிறகு தழைச்சத்தை நிறுத்திடுங்க. சாம்பல் சத்து குறைஞ்ச பனை குளிர்ல சீக்கிரம் துவளும். விறகு அடுப்பு இருக்கிற வீட்டுல சாம்பலுக்கு பஞ்சமே இல்லை. மக்கின எருவோட ஒரு கைப்பிடி கலந்து போட்டா போதும்.

குளிர் ராத்திரிக்கு என்ன பண்றது?

இது உறைபனி விழுற ஊர்க்காரங்களுக்கு. பகல்லயே மண்ணை ஈரமாக்குங்க. காஞ்ச மண்ணைவிட ஈர மண் அதிக வெப்பத்தைப் பிடிச்சு வச்சு, ராத்திரி விடும். ஆனா குருத்துல தண்ணி விழக் கூடாது.

சாயந்திரம் கோணிச்சாக்கு இல்லைன்னா பழைய போர்வையால மூடுங்க. நாலு குச்சி நட்டு அதுக்கு மேல போர்த்தி, ஓரம் தரையைத் தொடணும். தரையோட சூட்டைப் பிடிச்சு வைக்கிறதுதான் வேலையே. தண்டோட சேத்து கட்டிட்டா அந்தச் சூடு உள்ள வராது. பிளாஸ்டிக் தாள் ஓலையை ஒட்டினா, ஒட்டின இடம் கருகும். காலையில வெயில் வந்ததும் எடுத்துடுங்க.

ஒரு 200 லிட்டர் டிரம்ல தண்ணி நிரப்பி கன்னுக்குப் பக்கத்துல வெயில் படுற மாதிரி வைக்கலாம். தண்ணி ராத்திரியில 10 டிகிரி குளிர்ந்தா வெளிவர்ற வெப்பம்: 200 × 4.18 × 10 = 8360 கிலோஜூல். 10 மணி நேரத்துக்குப் பிரிச்சா சுமார் 232 வாட். பழைய 60 வாட் குண்டு பல்பு நாலு ராத்திரி முழுக்க எரிஞ்ச மாதிரி, கரண்ட் பில் இல்லாம! டிரம்முக்கு கறுப்பு பெயின்ட் அடிச்சா பகல்ல இன்னும் நல்லா சூடாகும்.

அடிபட்ட பிறகு

ஓலை பழுப்பாயிடுச்சுன்னு உடனே அரிவாளைத் தூக்காதீங்க. பாதி கருகின ஓலையும் அடுத்த குளிர்ல குருத்துக்குப் போர்வைதான். பச்சை மிச்சம் இருக்கிற வரைக்கும் அது மரத்துக்கு உணவு தயாரிக்கும். போதாததுக்கு வெட்டுக் காயத்தோட வாசனைக்கு சிவப்புக் கூன்வண்டு வந்துடும். குளிர் முழுசா போன பிறகு காஞ்சதை மட்டும் எடுங்க.

நடுக்குருத்து அசையுதான்னு பாருங்க. கையோட வந்துட்டா, அழுகினதைச் சுத்தமா எடுத்துட்டு, காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைசலைக் குருத்துக்குள்ள ஊத்துங்க. லிட்டருக்கு இரண்டரை கிராம் அளவு. பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை, அதோட நிறுத்திடுங்க. தாமிரம் கூடினா அதுவே விஷம். மேல மழைத்தண்ணி விழாம மறைச்சு வைங்க. பிறகு பொறுமை. உள்ள இருக்கிற முனை தப்பிச்சிருந்தா, வெயில் காலத்துல கோணல்மாணலா ஒரு ஓலை எட்டிப் பாக்கும். அடுத்தடுத்து வர்றது நேரா வரும். கோடை முழுக்க எதுவுமே வரலைன்னா மட்டும் மரத்தை எடுக்கிறதைப் பத்தி யோசிங்க.

இந்த லீவுக்கு மலை வீட்டுக்குப் போறவங்க, கையில தென்னங்கன்னோட ஏறாதீங்க. ஒரு தெர்மாமீட்டரோட ஏறுங்க. வாசல்ல எந்த மூலை குளிர், எந்த மூலை கதகதப்புன்னு அளந்து வச்சுட்டு, ஊர்ப் பெரியவங்ககிட்ட அங்க எந்த ஈச்சை நல்லா காய்க்கும்னு கேளுங்க. ஒரு கைப்பிடி ஈச்சங்கொட்டை போதும், காசும் கம்மி. நீங்க டிகிரி முடிக்கும்போது உங்க இடுப்பளவுக்கு வந்திருக்கோ இல்லையோ, நிச்சயமா உயிரோட இருக்கும்.